வலது பாதித் திரை

இரண்டு காமிராவின் படத்தை ஒரே திரையில் பக்கம் பக்கமாகக் காட்ட எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. போன மாதம் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் ஒரு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒருவர் உள்ளங்கை அகல போர்டு ஒன்றை எடுத்து, இரண்டு காமிராவைச் செருகி, என் காப்பி ஆறுவதற்குள் அதே வேலையைச் செய்து காட்டினார். "மேடம், நீங்கள்லாம் அந்தக் காலத்துல இதை எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான பதில் விருந்துச் சாப்பாட்டின் நடுவில் சொல்லக்கூடியது அல்ல. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் படிப்பையும் ஆரம்ப வேலையையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். ஒரு டி.வி. தொழிற்சாலையில் நாலு வருடம் படம் உருள்வதையும் நெளிவதையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது, தி. நகரில் ஒரு மாடியில் பன்னிரண்டு பேரோடு நடந்துகொண்டிருந்த கம்பெனியில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. முதலாளியும் தலைமைப் பொறியாளரும் ஒருவரே, வைத்தீஸ்வரன் சார். மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். ஆபீசுக்கு வேட்டியில் வரும் ஒரே எலெக்ட்ரானிக்ஸ் முதலாளி அவர்தான் என்று நாங்கள் கேலி செய்வோம். அது அவருக்கும் தெரியும்.

வேளச்சேரிக்கு அப்பால் அப்போது வெட்டவெளி. அங்கே ஒரு தனியார் ஒப்பந்தக்காரரின் யார்டில் கான்கிரீட் உத்தரங்களை வார்த்து அடுக்கிவைப்பார்கள். அவற்றைத் தூக்க ஒரு பெரிய கிரேன். இரண்டு கால்களும் இரண்டு தண்டவாளங்களின் மேல் உருளும். டிரைவர் உட்காரும் கேபின் ஒரு காலோடு ஒட்டியிருக்கும். உத்தர அடுக்கு மறைப்பதால் எதிர்க்காலின் கீழே யார் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று, பாதை காலியாக இருந்தால் விசில் ஊதுவார். விசில் கேட்டால்தான் கிரேன் நகரும். விசிலுக்குப் பதில் காமிரா வைக்க முடியுமா என்று கேட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள். காலுக்கு ஒரு காமிரா, கேபினில் ஒரே திரை. இடது பாதியில் இந்தப் பக்கம், வலது பாதியில் அந்தப் பக்கம்.

கேட்க எளிது. ஆனால் இரண்டு காமிராவும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுபவை. இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடந்தாலும் கால் ஒன்றாக விழாதே, அதுபோல. ஒவ்வொன்றின் படத்தையும் தனித்தனியாக நினைவகத்தில் எழுதிவைத்து, பிறகு ஒரே தாளத்தில் படித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். இதற்கு எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப்பைப் பயன்படுத்தினோம். உள்ளே என்ன சுற்று வேண்டுமோ அதை நாமே எழுதி ஏற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு எங்கள் கைக்கு எட்டிய சிப் சின்னது. நான் எழுதிய சுற்று அதை விளிம்புவரை நிரப்பிவிட்டது. ஒரு சிறு மாற்றம் செய்தாலும் கம்ப்யூட்டர் நாலு மணி நேரம் உழைத்துவிட்டு, 'இடம் போதவில்லை' என்று கைவிரிக்கும்.

சாருக்கு டெமோ என்றால் பூஜை மாதிரி. பதினாலு படிகள் எழுதிய அட்டை ஒன்று வைத்திருந்தார். பவர் போடுவதற்கு முன் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கனெக்டரையும் மூன்று தடவை கழற்றி மாட்ட வேண்டும். கேபிள் முனைகளில் எண் ஒட்ட வேண்டும். மீட்டர் வைத்து ஐந்து வோல்ட் இருக்கிறதா என்று நான் பார்த்த பிறகு அவரும் ஒரு தடவை பார்ப்பார். அரை மணி நேரம் போர்டு சூடாக ஓட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் மேசையைத் தொடக்கூடாது, அவர் உள்பட. "ஓடற டெமோவைத் தொடப்படாது சாரதா" என்பார். அந்த விதியை நான் இருபது வருடம் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

டெமோவுக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை. ஒரு காமிராவை ஹாலிலும், இன்னொன்றை நீளமான கேபிளில் பால்கனியிலும் வைத்தோம். பால்கனிக் காமிரா கீழே தெருவில் இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிடத்தின் லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் அந்தக் கேபிளில் சிக்னல் குழம்பியது. சிக்னல் கெட்டால் அந்தப் பாதித் திரை கறுத்துவிடும்படி நான் எழுதியிருந்தேன். அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை வலது பாதி கண் சிமிட்டுவதுபோல் கறுத்துக் கறுத்துத் திரும்பியது.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கறுப்பு வேண்டாம்."

"சார், சிக்னல் இல்லைன்னா இல்லைன்னு தெரியணுமே?"

"பொண்ணு பாக்க வரச்சே பொண்ணு இருமினா எப்படி இருக்கும்? ஒரு செகண்டுதானே போறது. கடைசியா வந்த நல்ல படத்தையே காட்டிண்டிருக்கட்டும். அடுத்தது வந்ததும் மாத்திக்கட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. கெட்டுப்போன படத்தை எழுதாமல் பழையதையே வைத்திருக்கச் சொல்லி நாலு வரி மாற்றினேன். இரண்டு செகண்டுக்கு மேல் அப்படியே நின்றால் கறுத்துவிடும்படி ஒரு டைமரும் சேர்த்தேன். நாலு மணி நேரம் கழித்துக் கம்ப்யூட்டர் இடம் போதவில்லை என்றது. டைமரை எடுத்துவிட்டேன். அடுத்த முறை ஏறிக்கொண்டது. வலது பாதி கண்ணாடி மாதிரி நின்றது, ஒரு சிமிட்டல் இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

டெமோவுக்கு நாலு பேர் வந்தார்கள். ஒரு மேனேஜர், இரண்டு இன்ஜினியர்கள், நாலாவதாக கிரேன் டிரைவர் துரைக்கண்ணு. ஐம்பதை நெருங்கியவர், ஒல்லி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சோபாவில் உட்காரச் சொன்னால் கூச்சப்பட்டு, ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தார். மற்ற மூவரும் சாரின் பேச்சைக் கேட்டார்கள். அவர் திரையைப் பார்த்தார். அரை மணி நேரமும் திரையை மட்டுமே பார்த்தார்.

"இன்னா மேடம் இது," என்றார் திடீரென்று. "அந்த டீக்கட ஆளு கிளாஸத் தூக்கினு அப்டியே நின்னுட்டாரு. அப்புறம் பார்த்தா கிளாஸ் கீய கீது. நடுவுல இன்னா ஆச்சு?"

லிஃப்ட் கிளம்பியிருக்கிறது. எனக்கு உடனே புரிந்தது. சாருக்கும் புரிந்தது.

"கேபிள் நீளமோல்லியோ, சிக்னல் சித்த நேரம் கழிச்சு வரது," என்றார் சார், புன்னகையோடு.

"அதுக்கில்ல சார். படம் நின்னுபோச்சுன்னு வெச்சுக்க, எனக்கு எப்டித் தெரியும்? அங்க ஆளு இல்லன்னுதானே நா நெனைப்பேன்?"

மேனேஜர் சிரித்தார். "துரை, நீ சினிமா பார்க்கிறதை நிறுத்து," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. பதில் தெரிந்தவள் நான். வாயைத் திறக்கவில்லை. துரைக்கண்ணு மட்டும் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தார், பிறகு திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

ஆர்டர் கிடைத்தது. டெமோவில் பார்த்தது அப்படியே வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். டைமரைச் சேர்க்க ஒரு மாதம் கொடுங்கள் என்று சாரிடம் கேட்டேன். "அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். இப்போ ஓடறதைத் தொடாதே," என்றார். டெமோ சிப்பின் நகல்தான் யார்டுக்குப் போனது. விசில் நின்றது. விசில் ஊதிக்கொண்டிருந்த அந்தோணியை, உத்தரங்களுக்கு அடியில் கட்டை வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

அந்த மழைக்காலத்தில் மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள் முற்பகல், டீ இடைவேளை முடிந்து துரைக்கண்ணு கேபினில் ஏறினார். திரையைப் பார்த்தார். இரண்டு பாதியிலும் ஆள் இல்லை. ஹாரன் அடித்தார். பக்கத்தில் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கிரேனை நகர்த்தினார். எதிர்க்காலின் சக்கரம் அந்தோணியின் வலது பாதத்தின் மேல் ஏறியது. பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

செய்தி வந்ததும் என்னை அனுப்பினார்கள். போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. நல்ல மழை. பாதுகாப்பு அதிகாரி கேபினைப் பூட்டி வைத்திருந்தார். சாவியைக் கொடுத்து, "நீங்க ஏறுங்க மேடம், குடை எடுத்துட்டு வரேன்," என்றார். ஏறிப் பூட்டைத் திறந்தேன். திரை ஓடிக்கொண்டிருந்தது. இடது பாதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வலது பாதியில் வெயில்.

வெயில் விழுந்த மண், சக்கரத்தின் கூர்மையான நிழல், காலித் தண்டவாளம். காலையிலிருந்து அது அப்படியே நின்றிருக்கிறது. இரண்டாவது காமிராவின் கேபிள் கேபினுக்கு வெளியே ஏணித் தட்டில் ஒரு பெட்டிக்குள் வந்து சேரும். அதைத் திறந்தேன். கனெக்டருக்குள் முதல் நாள் ராத்திரி மழைத் தண்ணீர். கழற்றி உதறி, முந்தானையால் துடைத்து மாட்டினேன். திரும்பிப் பார்த்தால் வலது பாதியிலும் மழை பெய்துகொண்டிருந்தது.

படம் சரியில்லை என்றால் கை முதலில் கனெக்டருக்குப் போவது என் தொழில் பழக்கம், யோசிக்காமல் செய்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பெட்டியைத் திறப்பதற்கு முன் அதிகாரி வருகிறாரா என்று கீழே எட்டிப் பார்த்தேன். அவர் ஷெட்டுக்குள் குடையை விரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் திறந்தேன்.

அவர் ஏறி வந்து திரையைப் பார்த்தார். "பளிச்சுனு இருக்கே," என்றார். கருவி சரியாக இயங்குகிறது என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

சாரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நீ பாத்ததை வேற யாராவது பாத்தாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பன்னெண்டு குடும்பம் இருக்கும்மா இதுல," என்றார். குரல் தழுதழுத்தது. அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேனோ என்னவோ. பிறகு சொன்னார்: "அந்த டைமரைப் போட்டுடு. யார்டுல போய் சிப்பை மாத்திடுவோம்." இடமில்லை என்று நான் சொன்ன அந்தச் சிப்பில், மூன்றே நாளில் இடம் கண்டுபிடித்துவிட்டேன்.

யார்டில் விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். அந்தோணியின் வாக்குமூலத்தை வாசித்தார்கள். துரை திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற தைரியத்தில்தான் தண்டவாளத்தில் கால் வைத்துக் கட்டையை இழுத்ததாகச் சொல்லியிருந்தார். துரைக்கண்ணு எழுந்து நின்றார். "பார்த்தேன் சார். ஆளு இல்ல. சத்தியமா இல்ல," என்றார். கருவி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். "நான் பார்த்தபோது வேலை செய்தது," என்றேன். அவர்கள் துரைக்கண்ணுவிடம், சரியாகப் பார்த்தாயா என்று மறுபடி கேட்டார்கள். மறுபடி கேட்டார்கள். மூன்றாம் தடவை அவர், "பார்த்தேன்னுதான் நெனைக்கிறேன்," என்றார். அத்தோடு வேலை போனது.

ஒரு வருடம் போயிருக்கும். என் வீடு அப்போது சாந்தோம் பக்கம். தினமும் ஸ்கூட்டியில் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி தி. நகர் போவேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது, பாலத்தருகே ஒரு பெண் கணவனின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவர் இடமும் வலமும் பார்த்தார். ரோடு காலியாகத்தான் இருந்தது. "வரலாமா? வண்டி இல்லியே?" என்று அவளைக் கேட்டார். அவள் இழுத்த பிறகுதான் காலை எடுத்து வைத்தார். அது துரைக்கண்ணு.

வண்டியை நிறுத்திவிட்டு அவர்கள் பின்னால் போனேன். பாலத்தின் கீழே கரையோரம் வீடு. என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. "மேடம் வந்துகீறாங்க, சேர் எடு," என்றார். மனைவி பெயர் வசந்தா. அவளிடம்தான் விசாரித்தேன், கண்ணில் என்ன கோளாறு என்று.

"ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு ஆஸ்பத்திரில காட்டிட்டோம். கண்ணு நல்லாகீதுன்னுதான் சொல்றாங்க. இது நம்ப மாட்டேங்குது. சைக்கிள் தொடறதில்ல. அரிசில கல்லு பார்த்தாகூட, நீ ஒரு வாட்டி பாருன்னு என்னாண்ட குடுக்குது."

"எதுர்ல நிக்கற மனுசன் தெரிலியேம்மா எனக்கு," என்றார் துரைக்கண்ணு. "அந்தோணி இருவது வருசமா என்கூட வேல செஞ்சவன். அவன் நிக்கறான், எனக்கு வெறும் மண்ணு தெரியுது. அப்பாலிக்கி இந்தக் கண்ண எப்டி நம்பறது?"

அவருக்கு வேலை போய்விட்டது, கஷ்டப்படுவார் என்றுதான் அந்த ஒரு வருடமும் நினைத்து வருந்தினேன். இதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன். கனெக்டரில் இருந்த தண்ணீர், வலது பாதியில் இருந்த வெயில், நான் எட்டிப் பார்த்தது, கையெழுத்து, எல்லாம். "நீங்க பார்த்தது பழைய படம். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றேன். அழுதேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். வசந்தாதான் எழுந்து, "ஒரு வருசம்!" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் கால்வாயின் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே துணி காயப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் உதடு அசைந்தது.

"வேலயெல்லாம் திரும்ப வாணாம் மேடம்," என்றார் கடைசியில். "அந்தோணி என்கூட பேசறதில்ல. இங்கதான், சாந்தோம் குப்பத்துல கீறான். நா சொன்னா நம்ப மாட்டான். நீ வந்து சொல்லு. உன் வாயால சொல்லு. இப்பவே போலாமா?"

பாதம் போன மனிதர் முன்னால் போய் நின்று, இதைச் செய்தது நான் என்று சொல்ல வேண்டும். "இன்னிக்கு நேரமாயிடுச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. காலைல பத்து மணிக்கு வரேன். சேர்ந்து போலாம்," என்றேன்.

"நாளிக்கு வர்றாங்களாம்," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கேட்டிருக்கவே கூடாது. ரோடுவரை வந்து வழியனுப்பினார். கடக்கும்போது மனைவியைக் கூப்பிடவில்லை. இரண்டு பக்கமும் தானே பார்த்துக்கொண்டு கடந்தார்.

மறுநாள் நான் போகவில்லை. பத்து மணிக்கு அவர் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலைவலி உண்மையிலேயே வந்தது. அடுத்த ஞாயிறு போகலாம் என்று இருந்தேன். அப்புறம் அதற்கடுத்த ஞாயிறு.

திங்கட்கிழமை முதல் நான் அடுத்த பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன். கால்வாய்க் கரை வீடுகளை எடுத்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றும்வரை, எத்தனையோ வருடம், தினமும் அப்படித்தான் போய்வந்தேன். பழைய பாலத்தின் மேல் போகும் வண்டிகள் அவர் வாசலிலிருந்து நன்றாகத் தெரியும். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்தானே.